ஒரு விநாடி பிசகினால் எத்தனை கன அடி?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அங்கிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 17.4 லட்சம் கன அடி வெளியேறும். ஒரு மணி நேரத்துக்கு 104.4 மில்லியன் கன அடி, அதாவது ஏரியின் முழுக் கொள்ளளவில் 2.86 சதவீதம். மதகைக் கூடுதலாகத் திறந்த நேரத்தை ஒருவர் ஒரு மணி நேரம் தள்ளிக் குறித்துவிட்டால், அத்தனை நீர் ஏட்டில் மாயமாகும், அல்லது இல்லாத நீர் வந்து சேரும். அளவுகோலில் குற்றம் இருக்காது. நீர்மட்டத்தை அங்குலம் பிசகாமல் படித்திருப்பார்கள். தவறு முழுக்கக் கடிகாரத்தினுடையது.

அதே நாளின் மழைக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததை அளந்து, அளந்த தேதியில் எழுதுகிறார்கள். உலக நேரத்தில் அது 3.00 மணி. தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று 2015 டிசம்பர் 2-ஆம் தேதியின் பெயரில் நிற்கும் எண்களில், 24 மணி நேரத்தில் 15½ மணி நேரம் டிசம்பர் 1-ஆம் தேதிக்குச் சொந்தம். இது தெரியாமல் ஒருவர் நீர் வெளியேற்றத்தையும் மழையையும் ஒரே வரைபடத்தில் தேதிவாரியாகப் போட்டால், முதல் நாள் நீர் திறந்து மறுநாள் மழை பெய்தது போலப் படம் வரும். சென்னையை அப்போது மூழ்கடித்த வெள்ளத்துக்கு யார் பொறுப்பு என்பது வேறு வழக்கு. ஆனால் இப்படி வரைந்த படத்தை வைத்துக்கொண்டு எந்தத் தரப்பும் வாதாட முடியாது.

அளவீட்டுத் தரவைச் சேகரிப்பவர்கள் உணரியின் துல்லியத்துக்குக் கொடுக்கும் காசைக் கடிகாரத்துக்குக் கொடுப்பதில்லை. எல்லா இடத்திலும் கடிகாரத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. எங்கே எவ்வளவு தேவை என்பதற்கு ஒரே ஒரு பெருக்கல் போதும்: அளக்கப்படும் பொருள் மாறும் வேகத்தை நேரப் பிழையால் பெருக்கினால், அளவில் வரும் பிழை கிடைத்துவிடும். அதை உணரியின் சொந்தப் பிழையோடு ஒப்பிட்டால், கடிகாரம் எந்த அளவுக்குத் தவறலாம் என்ற வரம்பு வந்துவிடும்.

காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே காற்றின் வெப்பநிலை 9 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3 டிகிரி, நிமிடத்துக்கு 0.05 டிகிரி. மாணவர்களும் பொழுதுபோக்காகச் செய்பவர்களும் பெரும்பாலும் வாங்கும் டிஎஸ்18பி20 உணரியின் பிழை கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி. ஆக, கடிகாரம் 10 நிமிடம் தவறினால்தான் உணரியின் பிழையைத் தொடும். இங்கே ஜிபிஎஸ் கடிகாரம் வாங்குவது வீண்செலவு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாலே போதும்.

கடல் ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம், ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம் என்றால், நடுப்பகுதியில் நீர்மட்டம் மணிக்கு 25 செ.மீ. வேகத்தில் மாறும், நிமிடத்துக்கு 4.2 மி.மீ. ஒரு செ.மீ. துல்லியம் வேண்டுமானால் கடிகாரம் 2.4 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இதுவும் கடினமில்லை.

சூரிய மின்தகட்டில்தான் நிலைமை மாறுகிறது. மேகத்தின் விளிம்பு கடக்கும்போது சதுர மீட்டருக்கு 900 வாட் இருந்த வெயில் ஐந்தே விநாடியில் 300 வாட்டுக்கு இறங்குவது சாதாரணம். விநாடிக்கு 120 வாட். வெயிலை அளக்கும் கருவி ஒரு பெட்டியிலும், தகடு தரும் மின்சாரத்தை அளக்கும் கருவி இன்னொரு பெட்டியிலும் இருந்து, இரண்டு கடிகாரங்களும் ஐந்து விநாடி முன்பின்னாக இருந்தால், வெயில் 900 வாட் என்ற வரிக்கு நேராக 300 வாட் வெயிலின் மின்சாரம் நிற்கும். தகட்டின் திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகத் தோன்றும். மேகம் விலகும் நேரத்தில் மூன்று மடங்காக எகிறும். வேடிக்கை என்னவென்றால், நாள் முழுவதன் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். மாதக் கடைசியில் யூனிட் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. வெயிலளவில் 5 சதவீதப் பிழை, அதாவது 45 வாட் வரை பரவாயில்லை என்றாலும், இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே 0.375 விநாடிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

மின்சாரத்தின் அலையையே அளக்கப் போனால் கணக்கு இன்னும் இறுகும். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. ஒரு மில்லி விநாடிக்கு 18 பாகை. வீட்டு மின்சாரத்தின் உச்ச அழுத்தம் 325 வோல்ட். அலை சுழியைக் கடக்கும் இடத்தில் ஒரே மில்லி விநாடி தவறினால் சுமார் 100 வோல்ட் பிழை. மின்தொகுப்பின் வெவ்வேறு ஊர்களில் ஒரே கணத்தில் அலையின் கோணத்தைப் படிக்கும் கருவிகளுக்குச் சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் மொத்தப் பிழை 1 சதவீதம். அத்தனையும் நேரத்தால் மட்டுமே வந்தது என்றால் 31.8 மைக்ரோ விநாடியில் அந்த வரம்பு தீர்ந்துபோகும். பத்து நிமிடத்திலிருந்து 31.8 மைக்ரோ விநாடிக்கு வந்துவிட்டோம். இடைவெளி ஏறக்குறைய 1.9 கோடி மடங்கு. "துல்லியமான நேரம்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை என்பதற்கு இந்த மடங்கு போதும்.

இனி கடைக்குப் போய்க் கடிகாரம் வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சரக்குகளை வைத்தே பேசுவோம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே ரூபாயைச் சுமாராகவும் விநாடியைச் சரியாகவும் எழுதுகிறேன்.

கையில் ஏற்கெனவே இருக்கும் அர்டுயினோ ஊனோ பலகையின் சொந்தக் கடிகாரத்துக்குத் தனிச் செலவு கிடையாது. பலகையில் பளபளப்பாகத் தெரியும் உலோகப் படிகம் நிரலை ஓட்டும் சில்லுக்குரியது என்று பலர் நம்புகிறார்கள். அது யூஎஸ்பி சில்லுக்குரியது. நிரலை ஓட்டும் சில்லுக்கு வாய்த்தது பக்கத்தில் இருக்கும் சிறிய பீங்கான் அதிர்வி. அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். அரை சதவீதம் என்பது காதுக்குச் சின்ன எண். ஒரு நாளில் அது 432 விநாடி, அதாவது 7 நிமிடம் 12 விநாடி.

அடுத்த படி, 32,768 ஹெர்ட்ஸ் படிகம் வைத்த சாதாரண நேரச் சில்லு. நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் 32,768. பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு விநாடி கிடைக்கும் என்பதால்தான் கைக்கடிகாரங்களிலும் இதுவே இருக்கிறது. படிகத்தின் பிழை பத்து லட்சத்துக்கு 20 பங்கு. நாளுக்கு 1.73 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி, ஆண்டுக்குப் பத்தரை நிமிடம். ஆனால் இது 25 டிகிரி குளிர்ச்சியான அறைக்கான கணக்கு. இந்தப் படிகம் 25 டிகிரியிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும். விலகலின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் கூடுதல் பிழை வரும். 45 டிகிரியில் 13.6 பங்கு, நாளுக்கு 1.18 விநாடி. மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் தகரப் பெட்டிக்குள் 60 டிகிரி என்றால் 41.65 பங்கு, நாளுக்கு 3.6 விநாடி. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரிலும் திருத்தணியிலும் வைக்கும் கருவிக்கு இந்தக் கணக்கைப் போடாமல் தரவுத்தாளின் முதல் பக்கத்து எண்ணை நம்பக் கூடாது.

இதற்கு மருந்து அதே தெருவில் இன்னும் நூறு, நூற்றைம்பது ரூபாய் கூட வைத்தால் கிடைக்கும் டிஎஸ்3231. இது தன் வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பிழை பத்து லட்சத்துக்கு 2 பங்கு. நாளுக்கு 0.17 விநாடி, ஆண்டுக்கு 63 விநாடி. அதற்கு மேல் 85 டிகிரி வரை 3.5 பங்கு. கடைசியில் 'எம்' என்ற எழுத்து சேர்ந்த வகையும் அதே பலகையில் வரும். அதன் பிழை 5 பங்கு, ஆண்டுக்கு 2 நிமிடம் 38 விநாடி. வாங்கும்போது சில்லின் மேல் எழுத்தைப் படிப்பது நல்லது. பின்பக்க பேட்டரி விஷயத்திலும் கவனம் தேவை: மலிவான பலகைகளில் மறுமின்னேற்றச் சுற்று இருக்கும். அதில் மறுமின்னேற்றம் ஏற்காத சிஆர்2032 வில்லையைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் வில்லை உப்பிவிடும். அந்தச் சுற்றில் உள்ள மின்தடையத்தைக் கழற்றிவிட்டுத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். சரியாகப் போட்டால் அந்த வில்லையின் 220 மில்லி ஆம்பியர் மணி, அதிகபட்ச இழுவையான 3 மைக்ரோ ஆம்பியரில் 73,333 மணி நேரம் வரும், எட்டு ஆண்டுக்கு மேல். காகிதத்தில் அப்படி. நடைமுறையில் வில்லை தானாக வடிவதையும் கழிக்க வேண்டும்.

ஜிபிஎஸ் தொகுதி முந்நூறிலிருந்து அறுநூறு ரூபாய். வழக்கமாகக் கிடைக்கும் நியோ-6எம் வகை விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கும். அந்தத் துடிப்பின் பிழை 30 நானோ விநாடி. விலைக்கும் துல்லியத்துக்கும் உள்ள விகிதத்தில் இதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் செலவு வேறு பக்கம் வருகிறது. இது சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 960 மில்லி ஆம்பியர் மணி. 2,600 கொள்ளளவு உள்ள ஒரு லித்தியம் பேட்டரி இரண்டே முக்கால் நாளைக்கு முன்பே படுத்துவிடும். நாளுக்கு ஒரு நிமிடம் மட்டும் எழுப்பி, டிஎஸ்3231-ஐத் திருத்திவிட்டுத் தூங்க வைத்தால் 0.67 மில்லி ஆம்பியர் மணியோடு முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைப்பதே என் சிபாரிசு.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜிபிஎஸ் கடிகாரம் லீப் விநாடிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. 2016 டிசம்பர் 31-க்குப் பிறகு லீப் விநாடி எதுவும் சேரவில்லை. ஆகவே இன்று ஜிபிஎஸ் நேரம் உலக நேரத்தைவிட 18 விநாடி முந்தி ஓடுகிறது. இந்த 18 என்ற எண்ணைச் செயற்கைக்கோள் தன் செய்தியில் அனுப்புகிறது. முழுச் செய்தியும் வந்துசேர 12½ நிமிடம் ஆகும். குளிர்ந்த நிலையிலிருந்து எழுந்த தொகுதி அரை நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த எண் வருமுன் அது சொல்லும் நேரத்தில் சில விநாடி பிசகு இருக்கக்கூடும். நாளுக்கு ஒரு நிமிடம் எழுப்பும் திட்டத்தில் முதல் நாள் மட்டுமாவது கால் மணி நேரம் விழித்திருக்க விட வேண்டும். இன்னொன்று, நேரத்தைச் சொல்லும் எழுத்து வரி, துடிப்புக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மில்லி விநாடி தாமதித்துத்தான் வரும். 30 நானோ விநாடித் துடிப்பை இணைக்காமல் வரியை மட்டும் படிப்பவர், வாங்கிய துல்லியத்தில் பெரும்பகுதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

இணையம் இருக்கும் இடத்தில் இத்தனை வேண்டாம். என்டிபி என்ற முறையில் வலையமைப்பு வழியாக நேரம் கேட்கலாம். கேள்விக்கும் பதிலுக்கும் தலா 76 பைட். 64 விநாடிக்கு ஒருமுறை கேட்டாலும் நாளுக்கு 1,350 முறை, 205 கிலோபைட். துல்லியம் பொதுவாகச் சில பத்து மில்லி விநாடிக்குள். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே நேரம் ஆகிறது என்ற அனுமானம் இதன் அடியில் இருக்கிறது. போக 20, வர 80 மில்லி விநாடி என்றால் கடிகாரம் 30 மில்லி விநாடி தவறும், அதை எந்த நிரலும் கண்டுபிடிக்க முடியாது. வெயிலுக்கும் மழைக்கும் இது தாராளம். அலைக்குப் போதாது.

கடிகாரம் சரியாக இருந்தாலும் நிரலில் நேரம் ஒழுகும். ஒழுகுவது என்று சொல்லக் காரணம், ஒவ்வொரு முறையும் போவது கண்ணுக்குத் தெரியாத அளவு. புதியவர்கள் எழுதும் நிரல் இப்படிப் போகும்: அளவை எடு, எழுது, 1,000 மில்லி விநாடி காத்திரு, மீண்டும் எடு. எடுத்து எழுத 12 மில்லி விநாடி ஆகிறது என்றால் ஒரு சுற்று 1,012 மில்லி விநாடி. நாளுக்கு 86,400 அளவு வர வேண்டிய இடத்தில் 85,375 வரும். வரி எண்ணையே விநாடி என்று எடுத்துக்கொண்டு படம் வரைந்தால், நள்ளிரவில் முடிய வேண்டிய கோடு 17 நிமிடம் முன்பாகவே முடிந்துவிடும். அடுத்த அளவு எப்போது என்பதை "இப்போதிலிருந்து 1,000" என்று கணக்கிடாமல் "முந்தைய இலக்கிலிருந்து 1,000" என்று கணக்கிட்டால் இந்த 17 நிமிடமும் திரும்பிவிடும். செலவு ஒரு வரி.

அந்த 12 மில்லி விநாடி போன்ற தாமதங்கள் எங்கிருந்து வருகின்றன? 9,600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் கூட. 24 எழுத்து அனுப்ப 25 மில்லி விநாடி. டிஎஸ்18பி20 உணரி தன் முழுத் துல்லியத்தில் ஒரு வெப்பநிலையைக் கணக்கிட 750 மில்லி விநாடி எடுக்கும். எஸ்டி அட்டை பெரும்பாலும் சட்டென்று எழுதும். எப்போதாவது உள்வேலை பார்க்க நின்றுவிட்டால் 250 மில்லி விநாடி வரை காக்க வைக்க அதற்குத் தரநிலையே உரிமை கொடுத்திருக்கிறது. நேரத்தைப் பலகையில் குறிக்காமல், கணினிக்கு வந்த பிறகு குறிப்பவர்களுக்கு யூஎஸ்பி இணைப்பு இன்னொரு வரி போடும். பரவலாகப் புழங்கும் எஃப்டிடிஐ சில்லின் இயல்பு நிலைத் தாமதம் 16 மில்லி விநாடி. விண்டோஸ் கணினியின் இயல்பான நேரப்படி 15.6 மில்லி விநாடி. ஆகவே மூன்று தசமத்தோடு அழகாக அச்சாகும் நேரங்கள் உண்மையில் விநாடிக்கு 64 படிகளில் தாவிக்கொண்டிருக்கும். தசம இலக்கங்களின் எண்ணிக்கையைத் துல்லியம் என்று நினைப்பதைப் போல மலிவான ஏமாற்று வேறில்லை.

இந்த நழுவல், வரைபடத்தில் இல்லாத ஒன்றை உருவாக்கவும் செய்யும். ஒரு குளிரூட்டும் இயந்திரம் 60 விநாடிக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது. அளவு எடுக்கும் நிரல் 60 விநாடி காத்திருந்து, ஒரு விநாடி வேலை செய்கிறது. ஆக 61 விநாடிக்கு ஓர் அளவு. ஒவ்வொரு அளவும் சுற்றில் ஒரு விநாடி தள்ளி விழும். முழுச் சுற்றையும் கடக்க 60 அளவு, அதாவது 3,660 விநாடி. படத்தில் அந்த இயந்திரம் 61 நிமிடத்துக்கு ஒருமுறை நிதானமாக மூச்சு விடுவது போல அழகான அலை தெரியும். அதை நம்பி இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

சின்னப் பிழை சேர்ந்து பெரிய பில் ஆனதற்கு உலகறிந்த கணக்கு ஒன்று உண்டு. 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவின் தஹ்ரான். அமெரிக்கப் படையின் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, பத்தில் ஒரு விநாடியை அலகாக வைத்து நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. 0.1 என்ற எண்ணை இரும எண்ணாக எழுதினால் முடிவில்லாமல் நீளும். அதை 24 இலக்கத்தில் வெட்டியதால் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 0.000000095 விநாடி குறைந்தது. எட்டு மணி நேரம் ஓடினால் பிழை 0.0275 விநாடி, தேடும் இடம் 55 மீட்டர் தள்ளிப்போகும். இருபது மணி நேரத்தில் 0.0687 விநாடி, 137 மீட்டர். அன்று அந்த அமைப்பு நிறுத்தாமல் 100 மணி நேரத்துக்கும் மேலாக ஓடியிருந்தது. பிழை 0.34 விநாடி, விலகல் 687 மீட்டர். பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை ரேடார் தவறான இடத்தில் தேடியது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். எட்டு மணி நேர ஓட்டத்திலேயே விலகல் தெரிவதை இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்துசேர்ந்தது பிப்ரவரி 26, மறுநாள்.

அந்தக் கணக்கு நம் மேசையிலும் நடக்கிறது. எக்செல் ஒரு நாளை 1 என்று வைக்கிறது. ஒரு விநாடி 1/86,400. அதை 0.00001157 என்று தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியிலும் கூட்டிக்கொண்டே போனால் நாளுக்கு 30 விநாடி குறையும். 1/86,400 என்றே எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை. விநாடிக்கு ஒரு வரி என்றால் எக்செல்லின் 10,48,576 வரிகள் 12 நாள் 3 மணி 16 நிமிடத்தில் நிரம்பிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிமூன்றாம் நாளின் தரவைக் காணவில்லை என்று தேடுபவர்களுக்கு உதவும். இதே வகையில் இன்னோர் எண்: மில்லி விநாடியை 32 இருமத்தில் எண்ணும் கருவி 49 நாள் 17 மணி நேரத்தில் சுழியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 கணினிகள் 49.7 நாளில் உறைந்து நின்றதற்கும், அர்டுயினோவில் ஐம்பதாவது நாள் விசித்திரங்களுக்கும் மூலம் ஒன்றே.

பல கருவிகளை ஒரே வரிசையில் நிறுத்தும்போதுதான் செலவு உச்சம். 2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் மின்சாரம் அறுந்தது. 61,800 மெகாவாட், சுமார் 5 கோடி மக்கள். எந்தக் கம்பி முதலில் விழுந்தது, எந்த நிலையம் அதைத் தொடர்ந்தது என்று கண்டறிய வந்தவர்களிடம் பதிவுக் கருவிகள் ஏராளமாக இருந்தன. ஆனால் பலவற்றின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நிகழ்வுகளை வரிசைப்படுத்துவதிலேயே பெரும் உழைப்பு கழிந்தது. இரு நாட்டுக் கூட்டுக் குழு 2004-இல் கொடுத்த அறிக்கையின் 28-ஆவது பரிந்துரை, நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகளைக் கட்டாயமாக்கச் சொன்னது. பின்னர் வந்த வட அமெரிக்க விதி, உலக நேரத்திலிருந்து 2 மில்லி விநாடிக்குள் என்று வரம்பு வைத்தது. ஐந்து கோடிப் பேரை இருட்டில் வைத்த பிறகு எழுதப்பட்ட அந்த 2 மில்லி விநாடிக்கு அப்போதே ஜிபிஎஸ் கடிகாரம் சந்தையில் இருந்தது.

மின்தொகுப்பே கடிகாரமாகும் கதையும் உண்டு. ஐரோப்பாவில் பல அடுப்புக் கடிகாரங்கள் மின்சார அலையை எண்ணியே ஓடுகின்றன. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான தகராறில் தொகுப்புக்கு வர வேண்டிய 113 கிகாவாட் மணி மின்சாரம் வரவில்லை. சராசரி அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 49.996-க்கு இறங்கியது. பத்து லட்சத்துக்கு 80 பங்கு, நாளுக்கு 6.9 விநாடி. ஐம்பது நாளில் 345 விநாடி. கண்டம் முழுவதும் அந்தக் கடிகாரங்கள் ஆறு நிமிடத்துக்குக் கிட்ட பின்தங்கின. நம் தொகுப்பில் அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இருந்தால் விதிக்குள் இருக்கிறது என்று பொருள். 49.95-இலேயே ஒரு நாள் நின்றால் 86.4 விநாடி போய்விடும். அலையை எண்ணி நேரம் காட்டும் கருவியை இங்கே தரவுப் பதிவுக்கு வைக்கக் கூடாது.

சேமிப்பு இடத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நேரத்தையே எழுதாமல் விடுபவர்களும் உண்டு. தொடங்கிய நேரமும் இடைவெளியும் தெரியும், பிறகு எதற்கு ஒவ்வொரு வரியிலும் நேரம் என்பது வாதம். விநாடிக்கு ஒரு வரி, ஆண்டுக்கு 3,15,36,000 வரி. தேதியும் நேரமும் எழுத்தாக எழுதினால் வரிக்கு 19 பைட், ஆண்டுக்கு 599 மெகாபைட். எண்ணாக எழுதினால் 4 பைட், 126 மெகாபைட். 32 ஜிகாபைட் அட்டை ஒன்றில் எழுத்து நேரமே ஐம்பது ஆண்டுக்கு மேல் அடங்கும். மிச்சமாவது ஒன்றுமில்லை. போவதோ, நடுவில் ஒரு வரி விடுபட்டால் அதற்குப் பின் வரும் எல்லா வரியின் நேரமும். மின்வெட்டில் மூன்று மணி நேரம் கருவி நின்றால் 10,800 வரி விடுபடும். நேரம் எழுதியிருந்தாலும், எக்செல்லில் சாதாரணக் கோட்டு வரைபடத்தில் நேரத்தை வெறும் பெயராக வைத்துப் போட்டால் அந்த மூன்று மணி நேரம் ஒரே விநாடியின் அகலத்துக்குச் சுருங்கிவிடும். சிதறல் வரைபடத்தில் போட்டால்தான் இடைவெளி இடைவெளியாகத் தெரியும்.

திரையில் வரைவதும் ஒரு கணக்கே. 1,920 புள்ளி அகலத் திரையில் ஒரு நாளின் 86,400 அளவுகளை அடைத்தால் ஒரு புள்ளிக்கு 45 அளவு. 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் கிளம்பும்போது இரண்டு விநாடி 60 ஆம்பியர் இழுக்கிறது. 45-க்குச் சராசரி எடுத்தால் படத்தில் தெரிவது 12.2 ஆம்பியர். நாற்பத்தைந்தில் ஒன்றை மட்டும் பொறுக்கினால், அது தெரியவே 45-க்கு 2 வாய்ப்புதான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிறியதையும் பெரியதையும் இணைத்துச் செங்குத்துக் கோடு போட்டால் 3,840 எண்களில் வேலை முடியும். ஃபியூஸ் ஏன் போனது என்பதும் படத்தில் இருக்கும்.

இந்திய நேரத்துக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. மின்வாரியத்தின் 15 நிமிடக் கட்டங்கள் எந்த நாளும் 96. ஐரோப்பாவில் ஆண்டில் ஒரு நாள் 92, இன்னொரு நாள் 100. தொல்லை அந்த ஐந்தரை மணி நேரம். உலக நேரத்தில் எழுதிய தரவைப் படம் வரையும் மென்பொருள் மாற்றாமல் காட்டும், அல்லது இரண்டு முறை மாற்றும். சூரிய மின்தகட்டுத் தரவில் இதைப் பிடிப்பது எளிது. சென்னையின் தீர்க்கரேகை 80.27 பாகை, இந்திய நேரத்தின் அடிப்படை 82.5. வித்தியாசம் 2.23 பாகை, பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஏறக்குறைய 9 நிமிடம். ஆக, சென்னையில் சூரிய உச்சி சராசரியாக 12.09 மணி. ஆண்டுச் சுழற்சியில் பிப்ரவரி நடுவில் 12.23 வரை போய், நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கு வரும். மேகமில்லாத ஒரு நாளின் வெயில் வளைவை எடுத்து, ஏறும் பக்கத்திலும் இறங்கும் பக்கத்திலும் ஒரே உயரத்தில் உள்ள நேரங்களின் நடுவைக் கண்டால், உச்சி சில நிமிடத் துல்லியத்தில் கிடைத்துவிடும். 6.39-க்கு உச்சி வந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்திருக்கிறார்கள். 5.39-க்கு, மாலையில், வந்தால் இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள். யாரிடமும் கேட்காமல், ஒரு ரூபாய் செலவில்லாமல், பழைய தரவின் கடிகாரத்தைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை கருவியைப் பார்க்கப் போகிறவர் கைப்பேசியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திவிட்டு வருவது வழக்கம். திருத்துவதற்கு முன் கருவி என்ன நேரம் காட்டியது, கைப்பேசி என்ன காட்டியது என்ற இரண்டு எண்களை எழுதிக்கொண்டு, 30 நாளில் 26 விநாடி பின்தங்கியிருப்பது தெரிந்தால், நாளுக்கு 0.867 விநாடி வீதம் பின்னோக்கிப் பிரித்துப் போட்டு அந்த மாதத்தின் 25.92 லட்சம் வரிகளையும் சரிசெய்யலாம். எழுதாமல் திருத்தினால், கடிகாரம் அந்த நொடியிலிருந்து சரியாக ஓடும். அதற்கு முந்தைய 25.92 லட்சம் வரிகளும், எவ்வளவு தவறு என்று தெரியாமல் அப்படியே நிற்கும்.